வருமான வரி ரீஃபண்ட் எங்கே நிற்கிறது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பிடித்தம் இல்லாத இடத்தில் ரீஃபண்ட் இல்லை. வருடம் முழுக்க ஒரு ரூபாய்கூட டிடிஎஸ் (சம்பளமோ வட்டியோ தருபவர் முன்பே பிடிக்கும் வரி) போகாதவர், அட்வான்ஸ் டாக்ஸ் (நாமே முன்கூட்டிக் கட்டும் வரி) கட்டாதவர், 80சி-யில் (சேமிப்பு, காப்பீட்டுக்கான கழிவு) எவ்வளவு போட்டிருந்தாலும் திரும்ப வாங்க எதுவும் கிடையாது. ஆகவே போர்ட்டலைத் திறக்கும் முன் ஒரு துண்டுத்தாளில் கணக்குப் போடுங்கள். டிடிஎஸ், டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் வசூலிக்கும் வரி), அட்வான்ஸ் டாக்ஸ், கடைசியாகக் கட்டிய சுயமதிப்பீட்டு வரி ஆகிய நான்கையும் கூட்டுங்கள். அதிலிருந்து செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி), வட்டி, தாமதக் கட்டணம் சேர்த்த மொத்த வரியைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் ரீஃபண்ட். அது 100 ரூபாய்க்குக் கீழே என்றால் கணக்குக்கு வராது.

மிச்சம் இருக்கிறது, பணம் மட்டும் வரவில்லை என்றால் அது ஒரு சங்கிலியின் ஏதோ ஒரு கண்ணியில் நிற்கிறது: 26ஏஎஸ்-ல் (உங்கள் பான் பேரில் ஏறிய வரியின் பட்டியல்) வரவு, ரிட்டர்னில் கோரிக்கை, இ-வெரிஃபை (போட்டது நீங்கள்தான் என்று இணையத்தில் உறுதி செய்வது), பெங்களூரு சிபிசி-யின் (ரிட்டர்ன்களைப் பார்க்கும் துறையின் மையம்) பரிசீலனை, 143(1) அறிவிப்பு (சிபிசி போட்ட கணக்கின் முடிவு), கடைசியாக ஸ்டேட் பேங்க் வழியாக உங்கள் வங்கிக் கணக்கு. எந்தக் கண்ணி என்று தெரியாமல் புகார் போடுவதும், மறுபடி ரிட்டர்ன் போடுவதும் வேலையை இழுத்துவிடும்.

கீழே உள்ள எண்கள் 2024-25 நிதியாண்டுக்கு, அதாவது மதிப்பீட்டு ஆண்டு (வருமானம் வந்த ஆண்டுக்கு அடுத்தது) 2025-26க்கு. வேறு ஆண்டு என்றால் அங்கங்கே சொல்லியிருக்கிறோம். 2025-ன் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. 2025-26 வருமானம் வரைக்கும் பழைய 1961 சட்டத்தின் பிரிவு எண்கள்தான்.

அறிகுறி: ரிட்டர்ன் போடும்போதே ரீஃபண்ட் பூஜ்ஜியம் காட்டுகிறது

முதலில் எந்த வரிமுறை என்று பாருங்கள். எதுவும் தேர்ந்தெடுக்காவிட்டால் புதிய முறைதான் தானாக வரும். அதில் 80சி, 80டி (மருத்துவக் காப்பீடு), வீட்டு வாடகைப்படி எதுவும் செல்லாது. கம்பெனியும் அநேகமாகப் புதிய முறையில்தான் பிடித்திருக்கும்.

சம்பளம் 10,00,000 ரூபாய் என்று வையுங்கள். புதிய முறையில் நிலையான கழிவு 75,000 போக 9,25,000. வரி 42,500, செஸ் சேர்த்து 44,200. கம்பெனி இதைப் பிடித்துவிட்டது. அதே ஆள் பழைய முறைக்குப் போனால் நிலையான கழிவு 50,000, வாடகைப்படி விலக்கு 1,50,000, 80சி 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000 போக 6,25,000 மிஞ்சும். வரி 37,500, செஸ் சேர்த்து 39,000. ரீஃபண்ட் 5,200. கழிவுகள் இதைவிடக் கொஞ்சம் குறைந்தாலே பழைய முறையில் லாபம் இல்லை. அதனால் இரண்டையும் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். சம்பளக்காரர் பழைய முறையை ரிட்டர்னிலேயே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் கெடு தேதிக்குள் போட்டால் மட்டும். மதிப்பீட்டு ஆண்டு 2025-26க்கு அந்தக் கெடு வழக்கமான ஜூலை 31-லிருந்து தள்ளித் தள்ளி 2025 செப்டம்பர் 16-ல் முடிந்தது. அதற்கு மறுநாள் போட்டவருக்குப் பழைய முறை இல்லை. மேலே உள்ள கணக்கில் 5,200 ரீஃபண்ட் காணாமல் போகும், 234எஃப் தாமதக் கட்டணம் 5,000 கைவிட்டுக் கட்டவேண்டியிருக்கும். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் அந்தக் கட்டணம் 1,000. தொழில் வருமானம் உள்ளவர் பழைய முறை வேண்டுமானால் ஃபார்ம் 10-ஐஇஏ-வையும் அதே கெடுவுக்குள் தனியாகத் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

அடுத்தது 87ஏ தள்ளுபடி, அதாவது குறிப்பிட்ட வருமானம் வரை வரியையே நீக்கும் சலுகை. புதிய முறையில் 7 லட்சம் வரை வரி இல்லை (2025-26 நிதியாண்டில் 12 லட்சம்) என்று கேள்விப்பட்டு, பிடித்தம் முழுக்கத் திரும்பும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. பங்கு விற்ற லாபம் போன்ற சிறப்பு விகித வருமானத்துக்கு இந்தத் தள்ளுபடியைப் போர்ட்டல் தராது. கழிவு போகச் சம்பளம் 6 லட்சம், 2024 ஜூலை 23-க்குப் பிறகு பங்கு விற்ற குறுகிய கால லாபம் 50,000 என்றால், சம்பளத்தின் மேல் வரி பூஜ்ஜியம். லாபத்தின் மேல் 20 சதவீதம், செஸ்ஸுடன் 10,400 நிற்கும். போர்ட்டல் சரியாகத்தான் காட்டுகிறது.

சம்பள பாக்கி மொத்தமாக வந்து 89-ம் பிரிவு நிவாரணம் கேட்பவர், ரிட்டர்னுக்கு முன்பே ஃபார்ம் 10இ தாக்கல் செய்யவேண்டும். ரிட்டர்னில் தொகையை மட்டும் எழுதினால் சிபிசி வெட்டிவிடும்.

தனித்தொழில் செய்வோருக்கு நேர்மாறான தவறு நடக்கிறது. அவர்கள் வாங்கவேண்டியதை வாங்காமல் விடுகிறார்கள். உள்ளலங்காரம் செய்பவர் ஒருவருக்கு வருடத்தில் 6,00,000 ரூபாய் கட்டணம், 194ஜே-படி 10 சதவீதம் 60,000 பிடித்தாயிற்று. 44ஏடிஏ பிரிவில் வரவில் பாதியை வருமானமாகக் காட்டலாம். அது 3,00,000. புதிய முறையில் 3 லட்சம் வரை வரியே இல்லை, ஆக 60,000-மும் திரும்பும். "வருமானம் வரம்புக்குள்தானே, ரிட்டர்ன் எதற்கு" என்று விட்டால் பணம் அப்படியே நிற்கும். ஐடிஆர்-4 என்ற ரிட்டர்ன் படிவம் போட்டால்தான் வரும். 44ஏடிஏ எல்லாத் தொழிலுக்கும் இல்லை. சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள்ளலங்காரம், திரைக் கலைஞர்கள் என்று பட்டியல் உண்டு.

எஃப்டி வட்டிக்கும் இதே கதைதான். 2024-25-ல் ஒரு வங்கியில் வட்டி 40,000-ஐத் (மூத்த குடிமக்களுக்கு 50,000) தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 2025 ஏப்ரல் முதல் அந்த வரம்பு 50,000, மூத்த குடிமக்களுக்கு 1 லட்சம். ஃபார்ம் 15ஜி அல்லது, மூத்த குடிமக்கள் என்றால், 15எச் (எனக்கு வரி வராது, பிடிக்காதீர்கள் என்ற உறுதிமொழி) கொடுக்க மறந்து பிடித்தம் போய்விட்டால், அரசுக்குக் கட்டிய பிறகு வங்கியால் திருப்பித் தரமுடியாது. ரிட்டர்ன் ஒன்றுதான் வழி. இந்தப் படிவங்கள் ஒவ்வொரு நிதியாண்டுக்கும் புதிதாகக் கொடுக்கவேண்டியவை. போன வருடம் கொடுத்தது இந்த வருடத்துக்கு ஆகாது.

அறிகுறி: பிடித்தது உண்மை, 26ஏஎஸ்-ல் காணோம்

போர்ட்டலில் இ-ஃபைல் பகுதியில் ஃபார்ம் 26ஏஎஸ் இணைப்பை அழுத்தினால் துறையின் டிடிஎஸ் விவரங்கள் உள்ள ட்ரேசஸ் தளத்துக்குப் போகும். பக்கத்தில் ஏஐஎஸ்-ஐயும் (உங்கள் வருமானம், பரிவர்த்தனைகளின் ஆண்டுப் பட்டியல்) இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிபிசி வரவு வைப்பது 26ஏஎஸ்-ல் உள்ளதைத்தான். ஃபார்ம் 16-ல் (கம்பெனி தரும் சம்பள, டிடிஎஸ் சான்றிதழ்) இருந்தும் இங்கே இல்லையென்றால் கோரிக்கை விழும்.

காலத்தைப் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரையிலான பிடித்தத்துக்குக் காலாண்டு அறிக்கை போட கம்பெனிக்கு மே 31 வரை அவகாசம். ஏப்ரலில் பார்த்துவிட்டுக் காணோமே என்று பதறவேண்டாம். ஜூன் நடுவிலும் வரவில்லை என்றால் மட்டும் கேளுங்கள்.

வரிசை இருக்கிறது, நிலைக் கட்டத்தில் "எஃப்" இல்லையென்றால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். "யு" என்றால் பிடித்தவர் வரி கட்டிய செலானும் (ரசீது) அவர் அறிக்கையும் பொருந்தவில்லை. இது அவர் திருத்தவேண்டியது, நீங்கள் போர்ட்டலில் என்ன செய்தும் பயனில்லை.

வரிசையே இல்லையென்றால் பெரும்பாலும் பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது பான் கொடுக்காமலே இருந்திருப்பீர்கள். பான் இல்லாதவருக்கு வங்கி 20 சதவீதம் பிடிக்கும், அந்தப் பணம் யார் பேரிலும் வரவாகாது. இரண்டுக்கும் ஒரே மருந்துதான். பிடித்தவர் திருத்த அறிக்கை போடவேண்டும். அவருக்கு அனுப்பும் மின்னஞ்சலில் பான், எந்தக் காலாண்டு, எந்தத் தேதியில் வரவான தொகை, பிடித்த தொகை, அவருடைய டான் எண் (வரி பிடிப்பவரின் அடையாள எண்) ஐந்தையும் எழுதுங்கள். "என் டிடிஎஸ் வரவில்லை" என்று மொட்டையாக எழுதினால் கணக்குப் பிரிவில் யாரும் தேடமாட்டார்கள்.

பிடித்துவிட்டு அரசுக்குக் கட்டாமலே இருக்கும் கம்பெனிகளும் உண்டு. பிடித்த அளவுக்கு அதே வரியை உங்களிடம் மறுபடி கேட்கக்கூடாது என்று 205-ம் பிரிவு காக்கிறது. ஆனால் அதைக் காட்டி ரீஃபண்ட் வாங்குவது கடினம், தானியங்கிப் பரிசீலனை இதைப் பார்க்காது. சம்பளச் சீட்டு, வங்கியில் நிகரத் தொகை வரவான பக்கம் ஆகியவற்றை வைத்துக்கொண்டு எல்லைக்குட்பட்ட வரி அலுவலரிடம் போகவேண்டும்.

கூட்டுக் கணக்கு எஃப்டி-யில் பிடித்தம் முதல் பெயருக்கே போகும். பணம் அம்மாவுடையது, முதல் பெயர் மகனுடையது என்றால் வரவு மகனின் 26ஏஎஸ்-ல்தான் இருக்கும். எஃப்டி போடும்போதே பெயர் வரிசையை யோசிப்பது மேல். வீடு விற்றவருக்கு 1 சதவீதப் பிடித்தம் தெரியவில்லை என்றால், வாங்கியவர் 26க்யூபி (அந்தப் பிடித்தத்துக்கான படிவம்) தாக்கல் செய்தாரா, உங்கள் பான் சரியா என்று அவரிடம்தான் கேட்கவேண்டும்.

அறிகுறி: ரிட்டர்ன் போட்டாயிற்று, எந்த அசைவும் இல்லை

முதலில் இ-வெரிஃபை ஆயிற்றா என்று பாருங்கள். ஆகாத ரிட்டர்ன் போடாத ரிட்டர்னுக்குச் சமம். அவகாசம் 30 நாள். ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங் எதுவும் சரிவராதவர் ஐடிஆர்-வி-யில் (ரிட்டர்னின் ஒப்புகைத் தாள்) கையெழுத்துப் போட்டு, பெங்களூரு 560500 சிபிசி-க்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பலாம்.

30 நாள் தாண்டினால் வெரிஃபை செய்த தேதியே தாக்கல் தேதி ஆகிவிடும். 2025 செப்டம்பர் 10-ல் போட்டு அக்டோபர் 20-ல் வெரிஃபை செய்தவர், அக்டோபர் 20-ல் தாமதமாகப் போட்டவராகத்தான் கணக்கு. பழைய முறையும் போச்சு, தாமதக் கட்டணமும் ஏறும். கெடுவுக்கு ஆறு நாள் முன்னதாகவே போட்ட ரிட்டர்ன் இது என்பதைக் கவனியுங்கள்.

வெரிஃபை ஆகி "பரிசீலனையில்" என்று நிற்கிறதா? நான்கைந்து வாரம் சாதாரணம். சட்டப்படி சிபிசி-க்கு, ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து 9 மாதம் வரை நேரம் உண்டு. 2025 செப்டம்பரில் போட்டதற்கு அது 2026 டிசம்பர் 31. எரிச்சல்தான், ஆனால் அதுவரை தாமதம் சட்டமீறல் ஆகாது. போர்ட்டலின் நிலுவை நடவடிக்கைகள் பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள். மின்னஞ்சல் ஸ்பேமுக்குப் போய், பதில் சொல்லாமல் கெடு தாண்டிப்போன கேஸ்கள் நிறைய.

அங்கே இரண்டு வகை நோட்டீஸ் இருக்கலாம். 139(9) என்றால் ரிட்டர்ன் குறைபாடுள்ளது, 15 நாளில் திருத்தவேண்டும். வழக்கமான காரணம், டிடிஎஸ் கேட்டிருப்பீர்கள், அந்த டிடிஎஸ்-க்கு உரிய வருமானத்தைக் காட்டியிருக்கமாட்டீர்கள். எஃப்டி பிடித்தம் 6,000-ஐக் கேட்டுவிட்டு வட்டி 60,000-ஐ விடுவது இப்படித்தான். 143(1)(ஏ) என்றால் சிபிசி ஒரு தொகையை மாற்றப்போகிறது, 30 நாளில் ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ வேண்டும்.

பெரிய தொகை ரீஃபண்ட் நிற்பதற்கு இன்னொரு காரணம் கழிவுகள் மேல் சந்தேகம். ஃபார்ம் 16-ல் இல்லாத வாடகைப்படி, அரசியல் கட்சி நன்கொடை, கல்விக்கடன் வட்டி எல்லாம் ரிட்டர்னில் திடீரென்று முளைத்தால் அது உடனே கண்ணில் படும். 2025 ஜூலை 14 அன்று இப்படிப் பொய்க் கழிவு போட்டுத் தந்தவர்களைக் குறிவைத்து 150 இடங்களில் வருமான வரித் துறை சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அதில் உண்டு. "ரீஃபண்டில் இத்தனை சதவீதம் கமிஷன்" என்று பேசும் ஏஜென்ட் உங்கள் ரிட்டர்னில் என்ன எழுதினார் என்று வரிக்கு வரி பாருங்கள். தவறாகக் காட்டியதற்கான அபராதம் வரியைப் போல் இரண்டு மடங்கு, அது ஏஜென்டுக்கு வராது. ரசீது இருந்தால் பயப்படவேண்டியதில்லை. இல்லாத கழிவு இருந்தால் திருத்த ரிட்டர்ன் போட்டு எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: 143(1) வந்தது, தொகை குறைந்திருக்கிறது

பிடிஎஃப்-ன் கடவுச்சொல், பான் சிறிய எழுத்தில், அதை ஒட்டிப் பிறந்த தேதி, மாதம், வருடம். உள்ளே இரண்டு பத்திகள்: நீங்கள் கொடுத்தது, சிபிசி கணக்கிட்டது. மேலிருந்து கீழே ஒப்பிட்டு, முதலில் எந்த வரிசையில் எண் மாறுகிறது என்று கண்டுபிடியுங்கள். கீழே உள்ள வித்தியாசமெல்லாம் அதன் விளைவாகத்தான் இருக்கும்.

பிறகு யார் தவறு என்று முடிவு செய்யுங்கள். நீங்கள் ஒரு கழிவை எழுத மறந்திருந்தால் திருத்த ரிட்டர்ன். அதற்குக் கடைசி நாள் மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31. 26ஏஎஸ்-ல் இருந்தும் சிபிசி வரவு தரவில்லை என்றால் 154-ம் பிரிவுத் திருத்தம், சர்வீசஸ் பகுதியில் ரெக்டிஃபிகேஷன். கெடு, உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டு. பிடித்தவர் தாமதமாக அறிக்கையைத் திருத்தி இப்போதுதான் 26ஏஎஸ்-ல் ஏறியிருந்தால், அதிலேயே "ரிட்டர்னை மறுபரிசீலனை செய்" என்ற தேர்வு போதும். புதுக் கழிவை ரெக்டிஃபிகேஷனில் நுழைக்கப் பார்ப்பது வீண். வாரக்கணக்கில் காத்திருந்து நிராகரிப்புதான் கிடைக்கும், அதற்குள் டிசம்பர் 31 போய்விடும்.

அறிகுறி: பழைய பாக்கியில் கழித்துவிட்டார்கள்

245-ம் பிரிவு. கழிக்கும் முன் அறிவிப்பு வரும், பதிலுக்கு 21 நாள். பேசாமல் இருந்தால் சம்மதமாகக் கொண்டு கழித்துவிடுவார்கள். நிலுவை நடவடிக்கைகளில் பாக்கித் தொகைக்குப் பதில் சொல்லும் பக்கத்தில் எந்த ஆண்டு, எவ்வளவு என்று இருக்கும். கட்டிவிட்டதாக இருந்தால் செலானின் பிஎஸ்ஆர் குறியீடு (வரி கட்டிய வங்கிக் கிளையின் எண்), தேதி, வரிசை எண்ணைக் கொடுத்து மறுக்கலாம். மிகப் பழைய சில்லறைப் பாக்கிகளை 2024-ல் அரசே தள்ளுபடி செய்தது. 2009-10 நிதியாண்டு வரை 25,000 ரூபாய்க்குள், 2010-11 முதல் 2014-15 வரை 10,000-க்குள் உள்ளவை, ஆளுக்கு மொத்தம் 1 லட்சம் வரை. அந்த வகைப் பாக்கி இன்னும் தெரிந்தால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

அறிகுறி: "ரீஃபண்ட் ஃபெயில்டு"

வரித்துறை அனுப்பிவிட்டது, வங்கி ஏற்கவில்லை. காசோலைக் காலம் முடிந்துவிட்டது. இப்போது பான் இணைந்து, போர்ட்டலில் சரிபார்க்கப்பட்ட கணக்குக்கு மட்டும்தான் போகும்.

நம் ஊரில் முதல் காரணம் இனிஷியல். பான் அட்டையில் இனிஷியல் எழுத முடியாது என்பதால் அப்பா பெயர் முழுசாகக் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். வங்கிப் புத்தகத்தில் "கே. முருகன்", பான்-ல் "முருகன் கந்தசாமி". பொருத்தம் பார்க்கும் இயந்திரத்துக்கு இவர்கள் இரண்டு ஆட்கள். வங்கிக்குப் போய் பான் நகல் கொடுத்து, கேஒய்சி-யில் பெயரைப் பான்-ல் உள்ளபடி மாற்றச் சொல்வதே எளிது. பான்-ஐ மாற்றப் போனால் ஆதாரிலும் போய் இடிக்கும்.

இரண்டாவது ஐஎஃப்எஸ்சி, அதாவது வங்கிக் கிளையின் குறியீடு. வங்கிகள் இணைந்தபோது பழைய குறியீடுகள் காலாவதியாகின. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ்-ல் சேர்ந்தது. சிண்டிகேட் கனராவிலும், கார்ப்பரேஷன் யூனியனிலும், அலகாபாத் இந்தியன் வங்கியிலும் சேர்ந்தன. போர்ட்டலில் பழைய குறியீடு கிடந்தால் பணம் திரும்பிப் போகும். குறியீட்டின் 11 இடத்தில் ஐந்தாவது எப்போதும் பூஜ்ஜியம், "ஓ" எழுத்து அல்ல. மற்றவை: மூடிய கணக்கு, பல வருடம் தொடாமல் முடங்கிய கணக்கு, சேமிப்பு என்று போட்டு நடப்புக் கணக்காக இருப்பது.

செய்யவேண்டிய வரிசை முக்கியம். மை ப்ரொஃபைலில் வங்கிக் கணக்குப் பக்கத்துக்குப் போய், பழையதை நீக்கி, புதிதாகச் சேர்த்து, "வேலிடேட்டட்" என்று வரும்வரை காத்திருங்கள். ரீஃபண்டுக்கு அந்தக் கணக்கைக் குறியுங்கள். அதன் பிறகுதான் சர்வீசஸில் ரீஃபண்ட் ரீஇஷ்யூ (மறுபடி அனுப்பக் கேட்பது). கணக்கைச் சரிசெய்யாமல் கோரிக்கை போட்டால் மறுபடி அதே இடத்தில் விழும். ரீஇஷ்யூ பக்கத்தில் உங்கள் ரிட்டர்னே தெரியவில்லையா? தோல்வி இன்னும் பதிவாகவில்லை, சில நாள் பொறுங்கள்.

ஆதாருடன் இணைக்காத பான் 2023 ஜூலை 1 முதல் செயலற்றது. அந்த நிலையில் ரீஃபண்ட் வெளியே வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் இல்லை. 1,000 ரூபாய் கட்டி இணைத்த பிறகே மேற்கொண்டு எதுவும் நடக்கும். வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களில் பலருக்குப் பான் முடங்கியது, குடியிருப்பு நிலையை "என்ஆர்ஐ" என்று மாற்றாமல் விட்டதால். அவர்கள் தங்கள் எல்லை வரி அலுவலருக்குப் பாஸ்போர்ட் நகலுடன் எழுதவேண்டும். என்ஆர்ஓ (வெளிநாட்டில் இருப்பவர் இந்தியாவில் வைக்கும் கணக்கு) வட்டியில் 30 சதவீதத்துக்கு மேல் பிடிப்பதால் இவர்களுக்கு ரீஃபண்ட் வருவது சகஜம். ஆனால் 15ஜி-யும் 87ஏ தள்ளுபடியும் இவர்களுக்குக் கிடையாது.

அறிகுறி: டிசம்பர் 31-ம் போய்விட்டது

ஐடிஆர்-யு (கெடு முடிந்தபின் போடும் புதுப்பித்த ரிட்டர்ன்) போடலாமே என்பார்கள். அது வரி கட்டுவதற்கான கதவு. ரீஃபண்ட் கேட்கவோ கூட்டவோ அதில் வழியில்லை. மிச்சமிருப்பது 119(2)(பி) பிரிவில் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. 2024 அக்டோபர் 1 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கேட்கலாம், 1 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை முதன்மை ஆணையரோ ஆணையரோ முடிவு செய்வார். உண்மையான இடர் இருந்தது என்று காட்டவேண்டும்: மருத்துவமனைக் காகிதம், இறப்புச் சான்றிதழ், பிடித்தவர் தாமதமாக 26ஏஎஸ்-ல் ஏற்றியதற்கான ஆதாரம். "மறந்துவிட்டேன்" நிற்காது. அனுமதி கிடைத்தாலும் வட்டி தரமாட்டார்கள்.

பணம் வந்தது, கூடவே கொஞ்சம் அதிகம்

அது 244ஏ வட்டி, மாதத்துக்கு அரை சதவீதம். கெடுவுக்குள் போட்டவருக்கு ஏப்ரல் 1 முதல், தாமதமாகப் போட்டவருக்குப் போட்ட தேதி முதல். மேலே சொன்ன உள்ளலங்காரக்காரரின் 60,000 ஆகஸ்டில் வந்தால் ஐந்து மாதத்துக்கு 1,500. நிர்ணயித்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவான ரீஃபண்டுக்கு வட்டி இல்லை. ரீஃபண்டின் அசல் வருமானம் ஆகாது, வட்டி ஆகும். அது ஏஐஎஸ்-ல் ஏறும், அடுத்த வருட ரிட்டர்னில் இதர வருமானத்தில் காட்டாவிட்டால் அங்கே நோட்டீஸ் வரும்.

"உங்கள் ரீஃபண்ட் தயார், இந்த இணைப்பில் கணக்கு விவரம் தாருங்கள்" என்ற குறுஞ்செய்தி எப்போது வந்தாலும் அழுத்தாதீர்கள். வங்கிக் கணக்கு போர்ட்டலில் ஏற்கெனவே இருக்கிறது. கார்டு எண்ணோ பின் எண்ணோ துறை கேட்பதில்லை.